நட்சத்திரம் பதித்த வண்டி

போன மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பையன்களின் பரீட்சைத் தாள்களைத் திருத்த உட்கார்ந்திருந்தேன். உபாத்தியாயர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது என்பதை உபாத்தியாயர் வீட்டுப் பெண்மணிகள் நன்றாக அறிவார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தேனாம்பேட்டை ஆலையம்மன் கோவில் பக்கத்தில் குடியிருக்கும் மோட்டார் டிரைவர் வந்து நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆகவே அவரை நான் அண்ணன் என்று அழைப்பது வழக்கம். அவர் என்னை ஸார் என்பார். எத்தனை சொல்லியும் விடமாட்டார்.

பதினெட்டு வருஷ காலமாக ஒரு வக்கீல் வீட்டில் வேலை பார்க்கிறார். வக்கீலிடம் இருப்பது மெர்ஸிடிஸ் பென்ஸ் வண்டி. அதன் மூக்கில் இருக்கும் மூன்று முனை நட்சத்திரத்தைத் தினந்தோறும் காலையில் துடைத்துப் பளபளப்பாக்குவது அண்ணனுடைய முதல் காரியம். அப்புறந்தான் அவருக்குக் காப்பி.

கையில் இருந்த கடிதத்தை நீட்டினார். அவருடைய மகள் மெக்கானிகல் டிப்ளமா தேறியவள். ஒரகடத்தில் உள்ள பாரத்பென்ஸ் லாரித் தொழிற்சாலையில் பயிற்சிக்கு வரும்படி எழுதியிருந்தார்கள்.

"சந்தோஷமான சமாசாரம் அண்ணே!" என்றேன்.

"சந்தோஷந்தான் ஸார். ஆனால் வீட்டில் என் தாயார் ஒரு கேள்வி கேட்கிறாள். பெண் குழந்தையை அனுப்புகிறாயே, அது நல்ல கம்பெனிதானா என்று. வண்டி நல்ல வண்டி. அது எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷத்தில் ஒரு நாள் கூட நடுரோட்டில் நிறுத்தியதில்லை. கம்பெனி நல்ல கம்பெனியா? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள்."

சரித்திரத்தில் பட்டம் வாங்கியவன் நான். இருந்தும் சட்டென்று பதில் வரவில்லை. வண்டி நல்லது, கம்பெனி நல்லதா என்று இரண்டையும் பிரித்துக் கேட்க எனக்கு அதுவரை தோன்றியதில்லை. மவுண்ட் ரோடில் (அண்ணா சாலை என்று பெயர் மாறி அநேக வருஷங்கள் ஆகியும் என் வாயில் பழைய பெயர்தான் வருகிறது) தேனாம்பேட்டை சிக்னலில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அந்த நட்சத்திரம் கடந்து போவதைப் பார்த்து, 'யாரோ பெரிய மனிதர் போகிறார்' என்று நினைப்பதோடு சரி. ஒரு வாரம் தவணை கேட்டு அவரை அனுப்பி வைத்தேன். அந்த வாரத்தில் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை ஒரு பெண்ணின் சீதனத்திலிருந்து ஆரம்பிக்கிறது. ஜெர்மனியில் மான்ஹைம் நகரில் 1871-ம் வருஷத்தில் கார்ல் பென்ஸ் என்ற வாலிபர் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து சிறிய பட்டறை வைத்தார். கூட்டாளி ஒத்துவரவில்லை. பட்டறை கைமாறிப் போகும் நிலைமை. அப்போது பென்ஸுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெர்த்தா என்ற பெண், தனக்கு வரவேண்டிய சீதனத்தைக் கல்யாணத்துக்கு முன்பே வாங்கி, கூட்டாளியின் பங்கைத் தீர்க்கக் கொடுத்தாள். நம் ஊரில் சீதனப் பணம் எந்தெந்த வழியில் போகிறது என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மாளின் பணம் போன வழி உலகத்துக்கு மோட்டார் வண்டியைக் கொடுத்தது.

1886-ம் வருஷம் ஜனவரி 29-ம் தேதி பென்ஸ் தம் மூன்று சக்கர வண்டிக்குப் பேடண்டு உரிமை கோரி மனுச் செய்தார். அதன் எண் 37435. வண்டியின் வேகம் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். நம் ஜட்கா வண்டிக் குதிரை உற்சாகமாக இருக்கும் நாளில் அதைத் தோற்கடித்திருக்கும். பென்ஸ் மகா மேதை. ஆனால் தாம் செய்த பொருளைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோகும் சாமர்த்தியம் அவரிடம் இல்லை. இன்னும் சரியாக வரவில்லை, இன்னும் சரியாக வரவில்லை என்று பட்டறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தார். வண்டி வாங்க ஆள் இல்லை.

1888-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை, கணவர் எழுந்திருக்குமுன் பெர்த்தா அம்மாள் தம் இரண்டு பிள்ளைகளையும் எழுப்பினாள். மூத்தவனுக்கு வயது 15. இளையவன் பதின்மூன்று முடிந்து பதினான்கை எட்டிக்கொண்டிருந்தான். மூவரும் ஓசைப்படாமல் வண்டியை வெளியே கொண்டுவந்து, போர்ட்ஸ்ஹைம் என்ற ஊரில் இருந்த அவள் தாயார் வீட்டுக்குக் கிளம்பினார்கள். தூரம் 100 கிலோமீட்டருக்கு மேல். நம் கணக்கில், சென்னையிலிருந்து மதுராந்தகம் தாண்டிப் போவது போல. அதற்குமுன் யாரும் மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் போனது கிடையாது. பெட்ரோல் பங்க் என்ற வஸ்துவே உலகத்தில் இல்லை. வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடைக்குப் போய், கறை நீக்குவதற்கு விற்கும் லிக்ரோயின் என்ற எண்ணெயை வாங்கித் தொட்டியில் ஊற்றினாள். உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் ஒரு மருந்துக்கடை என்று இன்றும் அந்த ஊரார் பெருமை பேசிக்கொள்கிறார்கள்.

எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்திச் சரிசெய்தாள். மின்சாரக் கம்பியின் உறை தேய்ந்து போயிற்று. காலுறையைக் கட்டும் பட்டியைக் கழற்றி அதில் சுற்றினாள். மரத்தால் ஆன பிரேக் கட்டை தேய்ந்தபோது, செருப்புத் தைப்பவர் ஒருவரைப் பிடித்து அதற்குத் தோல் வைத்துத் தைக்கச் சொன்னாள். மேடு வந்த இடங்களில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். சாயங்காலம் தாயார் வீட்டை அடைந்து, "வந்து சேர்ந்தோம்" என்று கணவருக்குத் தந்தி கொடுத்தாள். திரும்பி வந்தபின், மேடு ஏறுவதற்கு இன்னும் ஒரு கியர் வேண்டும் என்று சொன்னாள். பென்ஸ் அப்படியே செய்தார்.

இந்தச் சம்பவத்தை வகுப்பில் சொன்னபோது, "ஸார், அந்த அம்மா பேர் வண்டியில் இருக்கா?" என்று ஒரு பையன் கேட்டான். இல்லை. பேடண்டிலும் இல்லை. வண்டியில் இருப்பது வேறு ஒரு பெண்ணின் பெயர். அந்தப் பெண்ணுக்கும் மோட்டார் யந்திரத்துக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது!

அதே காலத்தில் மான்ஹைமுக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்கு அப்பால், கான்ஸ்டாட் என்ற இடத்தில் காட்லீப் டைம்லர், வில்ஹெல்ம் மைபாக் என்ற இருவர் தனியே மோட்டார் வண்டி செய்துகொண்டிருந்தார்கள். டைம்லரும் பென்ஸும் ஆயுளில் ஒரு தடவை கூடச் சந்தித்ததில்லை என்கிறார்கள். 1900-ல் டைம்லர் காலமானார். அந்த வருஷம் பிரான்ஸில் நீஸ் நகரில் வசித்த எமில் யெல்லினெக் என்ற வர்த்தகர் டைம்லர் கம்பெனிக்கு ஒரே தடவையில் 36 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை: புது யந்திரத்துக்குத் தம் மகள் பெயரை வைக்க வேண்டும். மகளுக்கு அப்போது வயது 10 அல்லது 11. பெயர் மெர்ஸிடிஸ். ஸ்பானிய பாஷையில் கருணை என்று அர்த்தம். 1901-ல் நீஸ் பந்தயத்தில் அந்த வண்டி மற்ற எல்லாவற்றையும் முறியடித்தது. 1902-ல் அப்பெயர் வியாபார முத்திரையாகப் பதிவாயிற்று. 1903-ல் யெல்லினெக் தம் பெயரையே யெல்லினெக்-மெர்ஸிடிஸ் என்று மாற்றிக்கொண்டார். பிள்ளைக்குத் தகப்பன் பெயர் வைப்பது ஊர் வழக்கம். மகள் பெயரைத் தகப்பன் வைத்துக்கொண்டது அபூர்வம்.

யெல்லினெக் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் வியன்னா நகரில் பெயர்பெற்ற யூத மதகுரு. ஆகவே மெர்ஸிடிஸ் என்ற குழந்தை ஒரு யூத மதகுருவின் பேத்தி. இதை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நட்சத்திரத்தின் கதை சுருக்கமானது. டைம்லர் ஒரு சமயம் தம் மனைவிக்கு அனுப்பிய படத்தில் தாம் குடியிருந்த வீட்டின் மேல் ஒரு நட்சத்திரம் வரைந்து, இது ஒரு நாள் நம் தொழிற்சாலையின் மேல் பிரகாசிக்கும் என்று எழுதினாராம். பிள்ளைகள் அதை நினைவு வைத்திருந்து 1909-ல் முத்திரையாக்கினார்கள். தரை, நீர், ஆகாயம் மூன்றிலும் தங்கள் யந்திரம் ஓடவேண்டும் என்பது மூன்று முனைகளின் கருத்து. முதல் மகா யுத்தம் முடிந்து ஜெர்மனி நொடித்துப் போன பிறகு, 1926-ல் இரண்டு கம்பெனிகளும் ஒன்று சேர்ந்தன. மெர்ஸிடிஸ் பென்ஸ் பிறந்தது.

இதுவரை சொன்னதைக் கேட்டால் டிரைவர் அண்ணனின் தாயார் பேத்தியைச் சந்தோஷமாக அனுப்பிவிடுவாள். ஆனால் கதை இங்கே நிற்கவில்லை.

1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்தான். திறந்த பெரிய மெர்ஸிடிஸ் வண்டியில் நின்றபடி, கையை உயர்த்திக்கொண்டு அவன் ஊர்வலம் போகும் படத்தைப் பார்க்காதவர் யார்? யூத மதகுருவின் பேத்தி பெயர் தாங்கிய வண்டியில் நின்றுகொண்டுதான் அவன் யூத குலத்தை நாசம் செய்யும் ஆட்சியை நடத்தினான். மெர்ஸிடிஸ் என்ற அந்தப் பெண் 1929-லேயே காலமாகிவிட்டாள். இதைக் காணும் துர்ப்பாக்கியம் அவளுக்கு நேரவில்லை.

யுத்தம் வந்தது. கம்பெனி போர் விமானங்களுக்கு யந்திரம் செய்தது; ராணுவ லாரி செய்தது. உள்ளூர் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். வேலைக்கு ஆள் எங்கே? பிடித்த நாடுகளிலிருந்து ஜனங்களை வலுக்கட்டாயமாகக் கொண்டுவந்தார்கள். யுத்தக் கைதிகளையும், சித்திரவதை முகாம்களில் அடைபட்டிருந்தவர்களையும் பட்டறையில் நிறுத்தினார்கள். 1944-ல் கம்பெனியில் வேலை செய்தவர்கள் 63,610 பேர். அதில் ஏறக்குறையப் பாதிப்பேர் இவ்விதம் கட்டாயத்தில் உழைத்தவர்கள். இந்தக் கணக்கை விரோதிகள் யாரும் கட்டிவிடவில்லை. கம்பெனியே தன் சரித்திரத்தில் வெளியிட்டிருக்கிறது.

அதே 1944-ம் வருஷம் மே மாதம் 5-ம் தேதி, 95 வயது நிரம்பிய இரண்டாம் நாள் பெர்த்தா அம்மாள் காலமானாள். அவள் சீதனத்தில் முளைத்த பட்டறை அப்போது எப்படி நடந்தது என்பதை அவள் எவ்வளவு அறிந்திருந்தாளோ, நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

யுத்தத்துக்குப் பின் கம்பெனி வெகு சீக்கிரம் தலைதூக்கியது. பேலா பாரெனி என்ற யந்திர நிபுணர் ஒரு யுக்தி கண்டுபிடித்தார். வண்டி மோதினால் முன்பாகமும் பின்பாகமும் நசுங்கி அடியின் வேகத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும். நடுவில் மனிதர் உட்காரும் கூடு மட்டும் நசுங்கக்கூடாது. கெட்டியாக இருப்பதே பத்திரம் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், நசுங்குவதில் பத்திரம் இருக்கிறது என்றார் அவர். 1959-ல் அந்த முறையில் செய்த வண்டி வெளிவந்தது. இன்று உலகில் செய்யப்படும் கார்கள் பெரும்பாலும் இந்தத் தத்துவத்தைத் தழுவியவைதான். தங்களை அறியாமலே பாரெனியால் உயிர் தப்பியவர்கள் மவுண்ட் ரோடிலும் இருப்பார்கள்.

ஆனால் கட்டாயத்தில் உழைத்தவர்கள்? அவர்களுக்கு நெடுங்காலம் ஒன்றும் இல்லை. மோட்டார் வண்டியின் நூற்றாண்டு விழா 1986-ல் தடபுடலாக நடந்தபோதுதான், 'அந்தப் பன்னிரண்டு வருஷ அத்தியாயம் எங்கே?' என்ற கேள்வி பலமாக எழுந்தது. 1988-ல் கம்பெனி இரண்டு கோடி மார்க் கொடுத்தது. பிறகு 2000-ம் வருஷத்தில் ஜெர்மன் சர்க்காரும் தொழில் ஸ்தாபனங்களும் சேர்ந்து 1,000 கோடி மார்க்கில் ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். அதை முன்னின்று தொடங்கிய ஸ்தாபனங்களில் இந்தக் கம்பெனியும் ஒன்று. 16 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அதிலிருந்து பணம் போயிற்று. உயிரோடு எஞ்சியிருந்தவர்களுக்கு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐம்பத்தைந்து வருஷத்துக்கு மேல் உயிரோடு காத்திருப்பது எல்லோருக்கும் சாத்தியமா?

இனி நம் தேசத்துக்கு வருவோம். என் தாய்மாமன் சேலத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் என்னை ஷெட்டுக்கு அழைத்துப் போவார். "இது லேலண்டு, அது பென்ஸு" என்று சொல்லிக் கொடுப்பார். அவர் பென்ஸு என்று காட்டிய லாரியில் நட்சத்திரமும் இருக்காது, பென்ஸ் என்ற எழுத்தும் இருக்காது. டாட்டா என்று எழுதியிருக்கும். மாமாவுக்கு எழுத்துத் தெரியவில்லையோ என்று அந்த வயதில் எனக்குச் சந்தேகம்.

விஷயம் பின்னால்தான் விளங்கிற்று. 1945-ல் ஜாம்ஷெட்பூரில் ரயில் எஞ்ஜின் செய்வதற்காகத் தொடங்கிய டாட்டா ஸ்தாபனம், 1954-ல் டைம்லர் பென்ஸ் கம்பெனியோடு பதினைந்து வருஷ ஒப்பந்தம் செய்துகொண்டு லாரி செய்ய ஆரம்பித்தது. ஆறே மாதத்தில் முதல் லாரி வெளியே வந்தது. சுதந்திரம் வந்து ஏழு வருஷந்தான் ஆகியிருந்தது. நெல்லும் பருத்தியும் சிமிண்டும் ஊருக்கு ஊர் போகவேண்டும், லாரி வேண்டும். ஜெர்மானியர் செய்யும் விதத்தைக் கற்றுக் கொடுத்தார்கள், நம்மவர் கற்றுக்கொண்டார்கள். 1966-ல் பூனாவில் சொந்த ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். 1969-ல் ஒப்பந்தம் முடிந்தது. நட்சத்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தங்கள் முத்திரையைப் பொருத்திக்கொண்டார்கள்.

லாரியில் இருந்த நட்சத்திரம் போய்விட்டது. லாரி டிரைவர்களின் வாயில் இருந்த பெயர் போகவில்லை. இருபது வருஷத்துக்கு அப்புறமும் என் மாமா பென்ஸு என்றே சொன்னார். முழுக்க முழுக்க நம் தொழிலாளர் செய்த லாரிக்கு ஜெர்மானியர் பெயர்! எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. மாமாவிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். அவருக்கு அந்தச் சொல்லின் அர்த்தம், 'ஏற்காட்டு மலையில் பாரத்தோடு ஏறும்' என்பதுதான்.

ஒரகடம் வேறு கதை. சென்னைக்குத் தென்மேற்கே 400 ஏக்கரில் ஜெர்மானியர் சொந்தமாகவே தொழிற்சாலை கட்டி, 2012 ஏப்ரல் 18-ம் தேதி திறந்தார்கள். முதலீடு 4,000 கோடி ரூபாய்க்கு மேல். இங்கே செய்யும் லாரிக்கு அவர்கள் வைத்த பெயர் பாரத்பென்ஸ். 1954-ல் நம்மவர் அவர்கள் பெயரை ஒட்டிக்கொண்டார்கள். 2012-ல் அவர்கள் நம் தேசத்தின் பெயரை ஒட்டிக்கொண்டார்கள்! அடுத்த வருஷத்திலிருந்து ஒரகடத்து லாரிகள் ஃபூஸோ என்ற பெயரில் இலங்கைக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கப்பல் ஏறின. இன்னொரு விவரமும் சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பரில் லாரிக் கம்பெனியும் கார்க் கம்பெனியும் பாகம் பிரிந்துவிட்டன. ஒரகடம் லாரிக்காரர் பங்கில் சேர்ந்தது. அண்ணன் துடைக்கும் நட்சத்திரமும் மகளுக்கு வந்த கடிதமும் இப்போது ஒரே குடும்பத்தின் இரண்டு வீட்டைச் சேர்ந்தவை.

சமீப காலத்து நடத்தை எப்படி என்று கேட்டால், இரண்டு சம்பவங்கள் சொல்லலாம். 1997-ல் அவர்கள் புதிதாகச் செய்த ஒரு சின்னக் கார், ஸ்வீடனில் பத்திரிகைக்காரர் ஒருவர் சட்டென்று வளைத்துத் திருப்பிச் சோதித்தபோது குப்புறக் கவிழ்ந்தது. முதலில் கம்பெனி சமாளித்துப் பார்த்தது, ஊர் சிரித்தது. பிறகு விற்பனையை நிறுத்தி, விற்றதையும் திரும்ப அழைத்து, வழுக்காமல் காக்கும் மின்சாரக் கருவியை எல்லா வண்டிக்கும் பொருத்திக் கொடுத்தது. விலையுயர்ந்த வண்டிகளுக்கு மட்டும் இருந்த அந்தக் கருவி சின்ன வண்டிகளுக்கும் பரவியதற்கு அந்தக் குட்டிக்கரணம் ஒரு காரணம். இது ஒன்று. மற்றது, டீசல் வண்டிகளின் புகை அளவில் மோசடி செய்ததாக எழுந்த வழக்கில், 2020-ல் அமெரிக்க சர்க்காருக்கும் கலிபோர்னியா மாகாணத்துக்கும் 150 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. கவிழ்ந்த காரை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். புகையை யார் பார்ப்பது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். இந்தத் தடவை மகளும் கூட வந்திருந்தாள். நான் பாடம் நடத்துவது போல ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்தேன். என் மனைவி இடையில் இரண்டு தடவை காப்பி கொண்டுவந்து வைத்தாள். பெர்த்தா அம்மாள் கதைக்கு அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். "புருஷனிடம் சொல்லாமலா எடுத்தாள்? பலே!" என்றார்.

கைதிகளைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவர்களுக்குச் சம்பளம்?" என்று கேட்டார்.

"அப்போது இல்லை. பிழைத்துக் கிடந்தவர்களுக்கு ஐம்பத்தைந்து வருஷத்துக்கு அப்புறம் ஒரு தொகை."

"அந்த நட்சத்திரத்தையா ஸார் நான் தினம் துடைக்கிறேன்?"

எனக்குப் பதில் இல்லை. மகள்தான் பேசினாள்.

"அப்பா, அதை அவங்களே எழுதி வெச்சிருக்காங்க. நான் வேலைக்கு எழுதிப் போடும்போதே படிச்சேன். எழுதி வெக்காத கம்பெனி எத்தனையோ இருக்கும். நான் லாரி எஞ்ஜின் எப்படிச் செய்றாங்கன்னு கத்துக்கணும். இங்கே பக்கத்தில் அது அங்கேதான் இருக்கு."

"பாட்டிக்கு என்ன சொல்வது?" என்றார் அண்ணன்.

"எல்லாத்தையும் சொல்லுங்க."

பாட்டியிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வேலைக்குச் சேரும் தினம் விடியற்காலை ஐந்து மணிக்கு நான் பால் வாங்கத் தெருவுக்கு வந்தேன். கம்பெனி பஸ் நிற்குமிடம் வரை தம் காரிலேயே கொண்டுபோய் விடும்படி வக்கீல் சொல்லியிருந்தாராம், பெண் வேண்டாமென்றுவிட்டாள். அவர்கள் வீட்டுப் பழைய டி.வி.எஸ். வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. மகள் ஓட்டினாள். அண்ணன், பதினெட்டு வருஷம் பென்ஸ் ஓட்டியவர், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"மெதுவா போம்மா, மெதுவா!" என்று அவர் சொல்வது முனை திரும்பும் வரை கேட்டது.